பழைய பாட்டில் வயசு பிடிபடலையா? அறிகுறி வாரியா பார்த்து சிக்கலை தீர்க்கும் வழி

பரண்ல தூசி தட்டி எடுத்ததா இருக்கலாம், காயலான் கடையில எடைக்கு போட இருந்ததை காப்பாத்துனதா இருக்கலாம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பேரம் பேசி வாங்குனதா இருக்கலாம், கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு தான், இது எந்த காலத்து பாட்டில். நெட்ல தேடுனா ஒரு சார்ட் கிடைக்கும், அதை வச்சு பார்த்தா 1880னு வரும், உடனே சந்தோஷமா நாலு பேருக்கு போட்டோ அனுப்புவோம், அதுல ஒருத்தர் மட்டும் "இது உத்தரப்பிரதேசம் ஃபிரோசாபாத் கண்ணாடி பட்டறை சரக்கு, போன வருஷம் ஊதுனது"னு சொல்லி மூடை கெடுப்பாரு. பல நேரம் அவர் சொல்றது தான் சரியா இருக்கும்.

ஏன்னா அந்த சார்ட் எல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவுக்கு போட்டது. அங்க ஒஹாயோ டொலிடோவுல மைக்கேல் ஓவன்ஸ் 1903 வாக்குல முழு ஆட்டோமேட்டிக் பாட்டில் மெஷினை கொண்டு வந்தாரு, அடுத்த பத்து பதினஞ்சு வருஷத்துல கையால ஊதுறது கிட்டத்தட்ட நின்னு போச்சு, அதனால அங்க "கையால செஞ்சது"னா "1915க்கு முன்னாடி"னு தைரியமா சொல்லிரலாம். நம்ம ஊர்ல அப்படி ஒரு கோடு கிழிக்கவே முடியாது, இந்தியாவுல நவீன கண்ணாடி தொழிலே லேட்டா தான் காலூன்றுச்சு, புனே பக்கம் தலேகாவ்ல பைசா ஃபண்ட் கண்ணாடி தொழிற்சாலை வந்ததே 1908-ல, ஃபிரோசாபாத்ல இன்னைக்கும் வாயால ஊதுறாங்க.

அதனால கீழ சொல்ற எல்லாத்துக்கும் அடிப்படை இது தான்: ஒரு அடையாளம் "இதுக்கு முன்னாடி இருக்கவே முடியாது"னு சொன்னா நம்பலாம், "இதுக்கு அப்புறம் இருக்க முடியாது"னு சொன்னா நம்ம ஊர் பாட்டிலுக்கு அதை சந்தேகமா தான் பாக்கணும்.

கையில ஒரு லென்ஸ், போன் டார்ச், ரூபா நோட்டு செக் பண்ற யூவி டார்ச், ஒரு வெள்ளை பேப்பர் இருந்தா போதும். லேபிள் ஒட்டி இருந்தா தயவு செஞ்சு கழுவாதீங்க, அதை ஊற வச்சு உரிச்சிட்டு அப்புறம் வந்து வயசு கேட்டா பாதி சாட்சி போயிருக்கும்.

அறிகுறி: மோல்டு கோடு கழுத்து வரைக்கும் வந்து நின்னுடுது, வாயில கோடே இல்லை

பாட்டிலை பக்கவாட்டுல பிடிச்சு வெளிச்சத்துல மெதுவா திருப்புங்க, அச்சு ரெண்டு பாதியும் சேர்ந்த இடத்துல மேல இருந்து கீழ ஒரு மெல்லிசு கோடு தெரியும். அந்த கோடு வாய் விளிம்பையும் தாண்டி மேல் முகப்பு வரை ஓடுனா அது மெஷின்ல வந்தது, அதாவது 20ஆம் நூற்றாண்டு, இதுல பெருசா விவாதம் வேண்டாம் (அகல வாய் ஜாடி மட்டும் விதிவிலக்கு, அதுக்கு செமி ஆட்டோமேட்டிக் மெஷின் 1890கள்லயே வந்துருச்சு).

கோடு கழுத்துலயே கரைஞ்சு போச்சுன்னா லென்ஸ் எடுங்க. கழுத்தோட மேல் பகுதியை சுத்தி படுக்கை வாக்குல மெல்லிசா வளையம் வளையமா இழுத்த மாதிரி தடம் இருந்தா, ஊதி முடிச்சு வாயை மறுபடி சூடு பண்ணி ஒரு கருவியை விட்டு சுத்தி வாய் அமைச்சிருக்காங்கனு அர்த்தம், அந்த சுத்துல தான் கோடு அழிஞ்சு போச்சு. அதுக்கு பதிலா கோடு வாய்ப்பட்டை வரைக்கும் வந்து அதுக்கு அடியில புதைஞ்ச மாதிரி நிக்குது, பட்டைக்கு கீழ கண்ணாடி கொஞ்சம் வழிஞ்சு இருக்குன்னா, வாய்க்கு தனியா கண்ணாடி ஒட்டி இருக்காங்க, இது இன்னும் பழைய முறை, ஐரோப்பா அமெரிக்க பாட்டில்ல பெரும்பாலும் 1880கள் வரை அல்லது அதை ஒட்டி.

இப்போ சிக்கல் எங்கன்னா முதல் வகை, கருவியில சுத்துன வாய், அது நம்ம ஊர் கோலி சோடா பாட்டில்லயும் இருக்கும், பழைய அத்தர் பாட்டில்லயும் இருக்கும், போன மாசம் செஞ்ச டெக்கரேஷன் பாட்டில்லயும் இருக்கும். அதனால இந்த அறிகுறிக்கு தீர்வு ஒண்ணு தான், முதல்ல எந்த நாட்டுல செஞ்சதுனு முடிவு பண்ணுங்க, அப்புறமா கோட்டை வச்சு வயசு சொல்லுங்க. நாடு தெரியலைன்னா "கையால முடிச்ச வாய்"னு குறிச்சுக்கிட்டு அடுத்த அறிகுறிக்கு போங்க, வருஷம் எழுதாதீங்க.

அறிகுறி: கோலி சோடா பாட்டில், விக்கிறவர் 150 வருஷம்னு அடிச்சு சொல்றாரு

இது தான் நம்ம பக்கம் அதிகமா வர்ற கேஸ், அதனால இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணலாம்.

இந்த பாட்டிலை கண்டுபிடிச்சது ஹைரம் காட்னு ஒரு இங்கிலீஷ்காரர் (அதனால காட் பாட்டில்னும் பேர்), 1870-ல முதல் பேட்டன்ட், இப்போ நமக்கு தெரிஞ்ச உருவம் 1872 பேட்டன்ட்ல வந்தது. வாய்க்குள்ள ஒரு பள்ளம், அதுல ரப்பர் வளையம், உள்ள இருக்கிற கேஸ் கோலிக்குண்டை மேல தள்ளி ரப்பர்ல அழுத்தி அடைக்கும். கழுத்து ரெண்டு பக்கமும் கிள்ளுன மாதிரி ஒடுங்கி இருக்கிறது குண்டு வயித்துக்குள்ள விழாம இருக்க, அதுக்கு மேல ஒரு பக்கம் கண்ணு மாதிரி ரெண்டு பள்ளம் இருக்கிறது சாய்ச்சு குடிக்கும்போது குண்டு அங்க மாட்டிக்க. ஆகவே எந்த கோலி பாட்டிலும் 1870க்கு முன்னாடி இருக்கவே முடியாது. மெட்ராஸ் ஸ்பென்சர் கம்பெனி பேர் போட்ட கோலி பாட்டிலுக்கு நல்ல மவுசு உண்டு, கம்பெனி 1863-ல ஆரம்பிச்சதை சாக்கா வச்சு "1863 பாட்டில் சார்"னு சொல்லுவாங்க, கடைக்கு அந்த வயசு சரி, பாட்டிலுக்கு வாய்ப்பே இல்லை.

அடுத்து அடியையும் தோளையும் பாருங்க. பாட்டில் செஞ்ச கம்பெனி பேர் தனி, உள்ள சோடா அடைச்ச கம்பெனி பேர் தனி, நடுவுல பெருசா இருக்கிறது சோடாக்காரர் பேர், அடியிலயோ கீழ் ஓரத்துலயோ சின்னதா இருக்கிறது தான் கண்ணாடிக்காரர் பேர், வயசுக்கு உதவுறது இந்த சின்ன எழுத்து தான். பார்ன்ஸ்லினு இருந்தா இங்கிலாந்து யார்க்‌ஷயர், காட் பாட்டிலுக்கு பேர் போன ஊர், அங்க பென் ரைலண்ட்ஸும் ஹைரம் காட்டும் 1870கள் கடைசியில கூட்டு சேர்ந்து செஞ்சாங்க, அப்புறம் டான் ரைலண்ட்ஸ் பேர்ல தனியா வந்துச்சு. அந்த மாதிரி பேர் தெளிவா படிக்க முடிஞ்சா 19ஆம் நூற்றாண்டோட கடைசி பகுதினு தாராளமா சொல்லலாம்.

பேர் எதுவும் இல்லாம மொட்டையா இருந்தா? அப்போ அது இந்தியாவுல 20ஆம் நூற்றாண்டுல எப்போ வேணா செஞ்சதா இருக்கலாம். இங்கிலாந்துல கிரவுன் மூடி (ஓப்பனர்ல நெம்பி எடுக்கிற தகர மூடி) வந்த அப்புறம் காட் பாட்டில் மெல்ல மறைஞ்சு போச்சு, நம்ம உத்தரப்பிரதேசத்துல விடாம செஞ்சுக்கிட்டே இருந்தாங்க, அதே மாதிரி அச்சு, கையால முடிச்ச அதே மாதிரி வாய். 2017-ல நம்ம வியாபாரிகள் வெளிநாட்டு கூல்டிரிங்க்ஸ் விக்க மாட்டோம்னு அறிவிச்ச சமயத்துல கோலி சோடாவுக்கு மறுபடி மவுசு வந்துச்சே, அந்த அலையில வந்த புது பாட்டில் எல்லாம் இப்போவே "ஆன்டிக்"னு தட்டுல உக்காந்திருக்கு.

புதுசை பழசுல இருந்து பிரிக்க நான் பாக்கிற இடம் அடி விளிம்பு. பாட்டிலை தலைகீழா பிடிச்சு தரையில படுற வளையத்தை மட்டும் லென்ஸ்ல பாருங்க, வருஷக்கணக்கா மரப்பெட்டிக்குள்ள போய் வந்த சோடா பாட்டில்னா அந்த வளையம் சொரசொரப்பா வெள்ளையா தேஞ்சு இருக்கும், கீறல் எல்லாம் திசைக்கு ஒண்ணா இருக்கும், சிலது ஆழமா சிலது மயிரிழையா, நடுவுல சின்ன சின்ன பிறை வடிவ சில்லு போயிருக்கும், உடம்போட அகலமான பகுதியிலயும் பக்கத்து பாட்டிலோட உரசுன ஒரு மங்கல் பட்டை ஓடும். உப்புத்தாள் போட்டு தேய்ச்சதுன்னா கீறல் எல்லாம் ஒரே பக்கமா பக்கத்து பக்கத்துல ஒரே ஆழத்துல இருக்கும், தரையில படாத குழிவான இடத்துலயும் கீறல் இருக்கும், அங்க எப்படி தேயும்னு கேட்டா பதில் வராது. குண்டையும் ஒரு ஆட்டு ஆட்டி பாருங்க, நிறைய நாள் ஓடுன பாட்டில்ல குண்டு மேல பொடிப்பொடியா அடிபட்ட புள்ளி இருக்கும், புதுசுல பளபளனு இருக்கும்.

நிறம் இன்னொரு துப்பு. பழைய காட் பாட்டில் பெரும்பாலும் லேசான நீலப்பச்சை, மணல்ல இருக்கிற இரும்பால வர்ற நிறம், அதை எடுக்க யாரும் மெனக்கெடலை. அடர் நீலம், தேன் நிறம் எல்லாம் அசல்ல ரொம்ப அபூர்வம், அதுக்கு தான் சேகரிக்கிறவங்க கிட்ட பெரிய விலை. உங்க கைக்கு சல்லிசா ஒரு கரு நீல கோலி பாட்டில் வந்துச்சுன்னா அதிர்ஷ்டம்னு நினைக்கிறதுக்கு முன்னாடி மேல சொன்ன அடி விளிம்பு தேய்மானம் இருக்கானு பாருங்க, அலங்காரத்துக்குனே கலர் கலரா காட் பாட்டில் செஞ்சு விக்கிறாங்க. ஜப்பான்ல ராமுனேனு விக்கிற சோடா பாட்டிலும் இதே குடும்பம் தான், இப்போ வர்றதுல வாய்ல பிளாஸ்டிக் இருக்கும், குழப்பமே இல்லை.

அடி உருண்டையா, நிக்கவே நிக்காத முட்டை மாதிரி சோடா பாட்டில் கிடைச்சா அது வேற ஆளு, ஹாமில்டன் பேர்ல சொல்ற வகை, காட் பாட்டிலுக்கு மூத்தது, 1800களோட ஆரம்பத்துலயே பேட்டன்ட் ஆனது. படுக்க வச்சா தான் கார்க் ஈரமா இருக்கும், காஞ்சா சுருங்கி கேஸ் போயிரும், அதனால நிக்க விடாம பண்ணுன டிசைன். ஆனா 20ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரை புழக்கத்துல இருந்துச்சு, அதனால உருவத்தை மட்டும் வச்சு 1810னு எழுதிராதீங்க.

அறிகுறி: பாட்டில் மேலயே வருஷம் போட்டிருக்கு, அப்புறம் என்ன சந்தேகம்

நிறைய சந்தேகம். பாட்டில் மேல இருக்கிற வருஷம் பெரும்பாலும் பேட்டன்ட் வருஷம், இல்லாட்டி கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். அமெரிக்க மேசன் ஜாடில "பேட்டன்ட் நவம்பர் 30, 1858"னு புடைப்பா இருக்கும், ஜான் மேசன் திருகு மூடி ஜாடிக்கு பேட்டன்ட் வாங்குன தேதி அது, அதே எழுத்தோட அரை நூற்றாண்டுக்கு மேல ஜாடி செஞ்சு தள்ளுனாங்க, 1858-ல செஞ்சது கையில கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். அங்க வாயை தடவி பாருங்க, விளிம்பு தேய்ச்சு சமன் பண்ணி சொரசொரனு இருந்தா பழைய வகை, வழவழனு உருண்டு இருந்தா மெஷின் காலம்.

கோகோ கோலா பாட்டில்ல "டிசம்பர் 25, 1923"னு இருந்தாலும் அதே கதை, அந்த எழுத்து போட்ட பாட்டில் வந்தது 1920கள் கடைசில இருந்து 1930கள் கடைசி வரைக்கும். இந்தியாவுல கோக் வந்தது 1950-ல, போனது 1977-ல, திரும்பி வந்தது 1993-ல, அதனால இந்திய முகவரி போட்ட பழைய கோக் பாட்டில்னா அந்த 27 வருஷத்துக்குள்ள தான்.

அடியில வெறும் நாலு இலக்க எண் இருக்கு, 1873னு இருக்குன்னா? அச்சு நம்பரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பக்கத்துல இன்னொரு பாட்டில்ல 2214னு இருக்கும், அது என்ன எதிர்காலத்துல இருந்தா வந்துச்சு.

ஆர்.டி நம்பர்னு எழுத்தோட எண் இருந்தா மட்டும் உக்காந்து படிங்க, அது பிரிட்டிஷ் டிசைன் பதிவு எண், 1884-ல ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சு 1900 வாக்குல மூணரை லட்சத்தை தொட்டுச்சு. அதுக்கு முன்னாடி 1842ல இருந்து 1883 வரை எண்ணுக்கு பதிலா ஒரு வைர வடிவ முத்திரை, மூலைக்கு மூலை எழுத்து இருக்கும். இதுவும் டிசைன் பதிஞ்ச தேதி தான், பாட்டில் அதுக்கு அப்புறம் எப்போ வேணா வந்திருக்கலாம்.

அறிகுறி: மோல்டு கோடு எங்க தேடியும் இல்லை

மூணு வாய்ப்பு இருக்கு. முதல்ல அடியை தடவுங்க. நடுவுல உடைச்சு எடுத்த மாதிரி சொரசொரப்பா வளையமாவோ திட்டாவோ தழும்பு இருந்தா அது பான்டில் தழும்பு, வாய் செய்யும்போது பாட்டிலை பிடிச்சுக்க அடியில ஒரு இரும்பு கம்பியை ஒட்டி அப்புறம் தட்டி எடுத்த இடம். அமெரிக்க பாட்டில்ல இது 1860கள்ல போயிருச்சு, அதுக்கு பதிலா பிடிச்சுக்கிற கவ்வி வந்துருச்சு. ஆனா ஃபிரோசாபாத் பூ ஜாடியிலயும் இப்போ ஊதுற அலங்கார பொருள்லயும் இதே தழும்பு இருக்கும், அதனால தழும்பு மட்டும் இருந்தா துள்ளாதீங்க, தழும்போட அடித்தேய்மானமும் சேர்ந்து இருக்கணும்.

ரெண்டாவது, தழும்பும் இல்லை கோடும் இல்லை, ஆனா உடம்பை சுத்தி கிராமபோன் ரெக்கார்ட் மாதிரி நுணுக்கமா படுக்கை வரி ஓடுது. இது அச்சுக்குள்ள வச்சு சுத்தி எடுத்த பாட்டில், சுத்துனதுல கோடு அழிஞ்சு போச்சு, பெரும்பாலும் வைன் பாட்டில், 1880ல இருந்து முதல் உலகப் போர் சமயம் வரை அதிகம். இதுல புடைப்பு எழுத்து இருக்கவே இருக்காது, இருந்தா அதுவும் சுத்துல அழிஞ்சிருக்கும்ல.

மூணாவது, முழுக்க அச்சே இல்லாம ஊதுனது. கோணல்மாணலா இருக்கும், தட்டையான மேஜையில வச்சு சுத்துனா தள்ளாடும்.

இதுல நம்ம கடற்கரைக்குனு ஒரு சுவாரஸ்யம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் டச்சுக்காரங்க இருந்த ஊர், அவங்களோட ஜின் பாட்டில் ஒரு தனி ரகம், சதுரமா இருக்கும், தோள்ல அகலம், அடிக்கு போக போக குறுகும், மரப்பெட்டிக்குள்ள அறை அறையா சொருகறதுக்காக. பாக்க கருப்பா இருக்கும், போன் டார்ச்சை வாய்க்குள்ள காமிச்சா தான் ஆலிவ் பச்சைனு தெரியும். பான்டில் தழும்போட வாய் மெல்லிசா வெளிய மடிஞ்சு இருந்தா பழைய பக்கம், பன்னி மூக்கு மாதிரி தடியா வாய் இருந்தா 19ஆம் நூற்றாண்டு பக்கம். இந்த உருவத்தை ரொம்ப காலம் மாத்தவே இல்லை, அதனால சதுரமா இருக்குனு மட்டும் பார்த்து "டச்சு காலம்"னு முடிவு பண்ண வேண்டாம்.

அறிகுறி: அடியில நடுவுக்கு வராம ஓரமா ஒரு வட்ட வெட்டு

இதை பான்டில்னு நினைச்சு விலை ஏத்துறவங்க உண்டு. ஓவன்ஸ் மெஷின் கண்ணாடியை உறிஞ்சி எடுத்து கத்தியில வெட்டுன தடம் இது, வட்டமா இருக்கும், ஓரம் இறகு மாதிரி பிசிறி இருக்கும், சில சமயம் அடி விளிம்பை தாண்டி பக்கவாட்டுல கூட ஏறி இருக்கும். 1905க்கு அப்புறம்னு உறுதி. அடி முழுக்க பொடிப்பொடியா புள்ளி குத்துன மாதிரி இருந்தா இன்னும் புதுசு, 1940 வாக்குல இருந்து வந்த பழக்கம்.

அறிகுறி: காத்து குமிழி நிறைய இருக்கு

ஒண்ணும் அர்த்தம் இல்லை. அடுத்தது போவோம்.

அறிகுறி: நிறம் வித்தியாசமா இருக்கு

ஊதா. வெள்ளை கண்ணாடியில இரும்பு பச்சையை போக்க மாங்கனீஸ் கலந்தாங்க, அது வெயில் படப்பட ஊதாவா மாறும், 1880கள்ல இருந்து முதல் உலகப் போரை ஒட்டி வரை இது அதிகம், அப்புறம் செலினியம் வந்துச்சு, அது வெயில்ல லேசா வைக்கோல் நிறமா மாறும். இயற்கையா மாறுன ஊதா ரொம்ப லேசா இருக்கும், வெள்ளை பேப்பர் மேல வச்சா தான் தெரியும். நாவல்பழ நிறத்துல கருகருனு இருந்தா அதை கதிர்வீச்சுல வச்சு மாத்தி இருக்க வாய்ப்பு அதிகம், கண்ணாடி பழசா கூட இருக்கலாம், நிறம் நேத்து வந்தது, என்னை கேட்டா அது நல்ல பாட்டிலை கெடுக்கிற வேலை. இன்னும் மாறாத மாங்கனீஸ் கண்ணாடி இருட்டுல யூவி டார்ச் அடிச்சா மங்கலா பச்சை காட்டும்.

பளிச்சுனு கண்ணை பறிக்கிற பச்சையா எரிஞ்சா யுரேனியம் கண்ணாடி. 1830கள்ல இருந்து செய்றாங்க, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல யுரேனியத்துக்கு கட்டுப்பாடு வந்து நின்னு அப்புறம் மறுபடி கொஞ்சமா வந்துச்சு, இன்னைக்கும் செய்றாங்க, ஆக எரியுதுங்கறதே வயசுக்கு ஆதாரம் ஆகாது.

கரு நீலம், ஆறு பட்டை, உடம்புல வரி வரியா மேடு, "உள்ளுக்கு சாப்பிடக்கூடாது"னு இங்கிலீஷ்ல புடைப்பு எழுத்துன்னா விஷ பாட்டில், பிரிட்டன்ல 1868 மருந்து சட்டத்துக்கு அப்புறம் பெருகுன வகை. இருட்டுல கை பட்டாலே தெரியணும்னு தான் அந்த வரி. உள்ள ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்தா மூக்குக்கிட்ட கொண்டு போகாதீங்க, கார்க்கை திருகாதீங்க.

அறிகுறி: வெள்ளையா மங்கல், இல்லாட்டி வானவில் மாதிரி மினுக்கு

மண்ணுக்குள்ளயோ தண்ணியிலயோ ரொம்ப நாள் கிடந்து கண்ணாடியில இருக்கிற உப்பு கரைஞ்சு வெளிய போனதால மேல் படலம் செதில் செதிலா ஆகுது, அதுல வெளிச்சம் பட்டு கலர் காட்டுது. வயசுக்கு இது ஓரளவு தான் சாட்சி, ஈரமான மண்ணுல சீக்கிரம் வரும், காஞ்ச பரண்ல நூறு வருஷம் ஆனாலும் வராது. ஸ்பிரே அடிச்ச போலி மினுக்கு நகத்துல சுரண்டுனா பெயிண்ட் மாதிரி உரியும், குழி மேடு எல்லா இடத்துலயும் ஒரே சீரா இருக்கும்.

கழுவிப்பார்த்தா மங்கல் போச்சு, காஞ்சதும் திரும்ப வந்துச்சுன்னா அது அழுக்கு கிடையாது, கண்ணாடியே அரிச்சு போயிருக்கு, வீட்டுல சரி பண்ண முடியாது. இதனால தான் விக்கிறவங்க சிலர் உள்ள எண்ணெய் தடவி வைக்கிறாங்க, எண்ணெய் அந்த நுண்ணிய குழியை நிரப்பி பளிங்கு மாதிரி காட்டும். வாங்குறதுக்கு முன்னாடி குச்சியில பஞ்சு சுத்தி உள்பக்கம் ஒரு இழுப்பு இழுங்க, பஞ்சு வழுக்குனா விலையை பாதியா கேளுங்க. சுண்ணாம்பு படிவம்னா வினிகர் ஊத்தி ராத்திரி முழுக்க வைங்க, அழுக்குன்னா சோப்பு தண்ணியும் ஒரு பிடி அரிசியும் போட்டு குலுக்குங்க, மணல் போடாதீங்க கீறிரும், சுடுதண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, பழைய கண்ணாடி பட்டுனு விட்டுரும்.

அறிகுறி: எழுத்து இருக்கு, ஆனா வருஷம் இல்லை

எனக்கு ரொம்ப பிடிச்ச வகை இது, ஏன்னா நம்ம ஊர் சரித்திரம் தெரிஞ்சவங்களுக்கு சார்ட்டே வேண்டாம், லேபிளே பேசும்.

சென்னைனு இங்கிலீஷ்ல இருந்தா 1996க்கு அப்புறம். மெட்ராஸ்னு மட்டும் இருந்தா அதுக்கு முன்னாடி, ஆனா பழைய லேபிள் ஸ்டாக்கை தீர்க்குற பழக்கம் நம்ம கம்பெனிகளுக்கு உண்டு, ரெண்டு மூணு வருஷம் தள்ளுபடி கொடுங்க. ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம், "மெட்ராஸ் - 1"னு ஒத்தை எண் மட்டும் இருந்தா பெரும்பாலும் அதுக்கு முன்னாடி. தமிழ்நாடுனு இருந்தா 1969க்கு அப்புறம், மெட்ராஸ் ஸ்டேட்னா அதுக்கு முன்னாடி. விலை நயா பைசாவுல இருந்தா 1957ல இருந்து 1964க்குள்ள மாட்டிக்கிச்சு, அணாவுல இருந்தா அதுக்கும் முன்னாடி. அளவு மில்லில இருக்கா அவுன்ஸ்ல இருக்கா பாருங்க, 1960களோட தொடக்கத்துல மெட்ரிக் கட்டாயமாச்சு, ஆனா மருந்து பாட்டில்ல அவுன்ஸ் கோடு போட்ட பழைய அச்சை அதுக்கப்புறமும் ஓட்டி இருப்பாங்க, அதனால லேபிள்ல இருக்கிற அளவுக்கு தான் மதிப்பு, கண்ணாடியில இருக்கிறதுக்கு கொஞ்சம் குறைச்சல். நாட்டு பேர் சிலோன்னு இருந்தா 1972க்கு முன்னாடி, மேற்கு ஜெர்மனின்னா 1949ல இருந்து 1990, செக்கோஸ்லோவாகியான்னா 1918க்கு அப்புறம், "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்"னு இங்கிலீஷ்ல இருந்தா 1945ல இருந்து 1952.

கம்பெனி ஊர் மாறுன கதையும் உதவும். அமிர்தாஞ்சன் 1893-ல பம்பாய்ல ஆரம்பிச்சு 1936-ல மெட்ராஸுக்கு வந்துச்சு, பம்பாய் மட்டும் போட்ட பழைய புட்டிக்கு அதனால ஒரு தனி மரியாதை. ஹார்லிக்ஸ் ஜாடில ரசீன்னு அமெரிக்க ஊர் இருக்கா, ஸ்லவ்னு இங்கிலாந்து ஊர் இருக்கா பாருங்க, ஸ்லவ் ஃபேக்டரி 1900களோட முதல் பத்து வருஷத்துல தான் வந்துச்சு, பஞ்சாப் நாபாவுல செய்ய ஆரம்பிச்சது 1960 வாக்குல.

அடியில சி.எஸ் அண்ட் கோனு ஆங்கில எழுத்து இருந்தா இங்கிலாந்து செயின்ட் ஹெலன்ஸ் ஊர் கானிங்டன் ஷா கம்பெனி, 1875ல இருந்து 1913 வரை, அந்த வருஷம் அது மத்த கம்பெனிகளோட சேர்ந்து யுனைடெட் கிளாஸ் பாட்டில் ஆச்சு, அதுல இருந்து யு.ஜி.பி முத்திரை. பெயிண்ட்ல அச்சடிச்ச எழுத்துன்னா 1930களுக்கு அப்புறம்.

அறிகுறி: பாட்டில் இல்லை, கிண்ணம், ஜாடி, டம்ளர்

விரலை டிசைன் ஓரத்துல ஓட்டுங்க. வெட்டுன கண்ணாடின்னா ஓரம் கூரா இருக்கும், அச்சுல அழுத்துனதுன்னா மழுங்கி இருக்கும், டிசைனுக்கு நடுவுலயே கோடு ஓடும். மயில் தலை முத்திரை குட்டியா இருந்தா இங்கிலாந்து சவர்பி கம்பெனி, 1876ல இருந்து. எண்ணெய் படலம் மாதிரி ஆரஞ்சு ஊதா மினுக்கோட இருந்தா கார்னிவல் கண்ணாடி, அமெரிக்காவுல ஃபென்டன் கம்பெனி 1907-ல ஆரம்பிச்சது, நம்ம ஃபிரோசாபாத்லயும் செஞ்சாங்க, மீன் உருவ பூ ஜாடி அடியில ஜெயின்னு புடைப்பா இருந்தா அதை அமெரிக்க சரக்குனு விக்கிறவர் கிட்ட வாங்காதீங்க, இந்திய சரக்குனு தெரிஞ்சு விக்கிறவர் கிட்ட சந்தோஷமா வாங்குங்க, வெளிநாட்டுக்காரங்களே அதை தேடி சேர்க்கிறாங்க. செட்டிநாட்டு வீட்டு கண்ணாடி எல்லாம் "பெல்ஜியம்"னு சொல்ற பழக்கத்தை பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.

அறிகுறி: ஒவ்வொரு அடையாளமும் ஒவ்வொரு வருஷம் சொல்லுது

குழம்பாதீங்க, எது கடைசி வருஷமோ அது தான் ஜெயிக்கும். பான்டில் தழும்பு 1850ங்குது, நிறம் 1880ங்குது, வாய் கிரவுன் மூடி போடுற மாதிரி இருக்குன்னா வில்லியம் பெயின்டர் கிரவுன் மூடிக்கு பேட்டன்ட் வாங்குனதே 1892-ல, ஆக பாட்டில் அதுக்கு அப்புறம் தான், மத்ததுக்கு எல்லாம் வேற காரணம் தேடுங்க. மூடியும் பாட்டிலும் ஜோடி தானானு பாக்கவும் மறக்காதீங்க, கண்ணாடி அடைப்பானை சொருகி லேசா ஆட்டுனா டக் டக்குனு ஆடுச்சுன்னா அது வேற வீட்டு மாப்பிள்ளை, லேபிள் கூட வேற பாட்டில்ல இருந்து உரிச்சு ஒட்டுனதா இருக்கலாம், யூவி அடிச்சு பாருங்க, பழைய பேப்பர் மங்கலா கிடக்கும், வெளுப்பு ரசாயனம் போட்ட புது பேப்பர் நீலமா பளிச்சிடும்.

எல்லாம் பார்த்து நூறு வருஷத்துக்கு மேலனு உறுதியாச்சுன்னா ஒரு விஷயம், 1972 தொல்பொருள் சட்டம் பொதுவா அந்த நூறு வருஷ கணக்கை தான் பிடிக்குது, அந்த வகையில வர்ற பொருளை தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டுல இருக்கிற ஆளுக்கு பாட்டிலை விக்கிறதுன்னா பார்சல் கட்டுறதுக்கு முன்னாடி தொல்லியல் துறையில காமிச்சு "இது தொல்பொருள் இல்லை"ங்கற சான்றிதழ் வாங்கிடுங்க. வருஷத்தை ஏத்தி சொல்லி வித்தவங்க இந்த இடத்துல தான் மாட்டிக்குவாங்க, அங்க போய் "இல்லை சார், இது 1960"னு சொல்ல வேண்டி வரும்.